பூனைக்கு மூச்சிரைப்பு: வீட்டில் கவனிக்க வேண்டியவை

நெல் மூட்டைகளை எலிகளிடமிருந்து காக்கும் பூனைக்கும் ஆஸ்துமா வருவதுண்டு. ஒவ்வாமை உள்ள பூனை தூசியையோ புகையையோ சுவாசித்தால் மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கும், சளியும் சேரும்.

நோய் கண்ட பூனை குந்தியபடி கழுத்தைத் தாழ நீட்டி இருமும். வயிற்றிலுள்ள முடியைக் கக்க முயல்வதாக எண்ணிப் பலர் விட்டுவிடுவர். எதுவும் வெளிவராமல் இருமல் திரும்பத் திரும்ப வந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். நுரையீரல் புழுவாலும் இத்தகைய இருமல் வரும். ஆகவே மருத்துவப் பரிசோதனை அவசியம்.

பூனை படுக்கும் இடத்தில் கொசுவர்த்தி, சாம்பிராணி, பீடி, அடுப்புப் புகை கூடாது. நெல் தூற்றும்போதும் வைக்கோல் உதறும்போதும் அதனை அப்பால் வைக்கவும். சாக்குப் படுக்கையை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தவும். தரையை ஈரத்துணியால் துடைப்பது நல்லது. பருத்த பூனைக்குத் திணறல் கூடுமாதலால் தீனியை அளந்து கொடுக்கவும்.

நலமான பூனை தூங்கும்போது நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு விடுவதில்லை. தினமும் எண்ணிப் பார்க்கவும். 40-ஐத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்லவும். உழவர்கரை பகுதியினர் குரும்பாபேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மருந்தை, இருமல் நின்றதும் தாமாகவே நிறுத்தக் கூடாது. மனிதருக்கான மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடக் கூடும்.