ஹிட்லரின் துப்பாக்கிக்கு நேட்டோ தோட்டா! - லாந்தர் விளக்கு கம்பெனி செய்த ஆயுதத்தின் மறுபிறவி

நிமிடத்துக்குச் சுமார் 1,200 தோட்டாக்கள். தனித்தனி வெடிச்சத்தமே காதில் விழாது. துணியைக் கிழிப்பதுபோல ஒரே இரைச்சல்தான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி இறக்கிய எம்.ஜி. 42 இயந்திரத் துப்பாக்கிக்கு 'ஹிட்லரின் ரம்பம்' என்றே பட்டப்பெயர் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு வீரர்கள் மிரளக் கூடாது என்று அமெரிக்க ராணுவம் பயிற்சிப் படமே எடுத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இதை வடிவமைத்தது பெரிய ஆயுத நிறுவனம் இல்லை. தகரத்தில் லாந்தர் விளக்கு செய்துகொண்டிருந்த குரோஸ்ஃபுஸ் கம்பெனி. கடைந்து செதுக்காமல், தகட்டை அச்சில் அழுத்திப் பாகங்களைச் செய்ததால் விலையும் நேரமும் மிச்சமாயின. 1942 முதல் 4 லட்சத்துக்கும் மேல் தயாரானது.

போரில் ஜெர்மனி தோற்றது. 1955-ல் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்து, புதிதாக ராணுவம் அமைத்தபோதுதான் சிக்கல். பழைய துப்பாக்கிக்கு 7.92 மி.மீ. தோட்டா, அதன் கூடு 57 மி.மீ. நீளம். நேட்டோ நாடுகளுக்கோ பொதுவான தோட்டா 7.62 மி.மீ.; கூடு 51 மி.மீ.தான். போர்க்களத்தில் பக்கத்து நாட்டுப் படையிடம் தோட்டா கடன் வாங்க முடியாவிட்டால் கூட்டணி எதற்கு?

புதிதாக ஒன்றை உருவாக்குவதைவிட, பழசை மாற்றுவதே மலிவு என்று முடிவெடுத்தார்கள். நல்லவேளை, இரண்டு தோட்டாக்களின் அடிப்பாகமும் ஏறக்குறைய ஒரே அகலம். இல்லையென்றால் தலைவலி பல மடங்காகியிருக்கும். ரைன்மெட்டல் நிறுவனம் பழைய துப்பாக்கி ஒன்றைப் பிரித்து அளந்து, நேட்டோ தோட்டாவுக்கு ஏற்ற எம்.ஜி. 1-ஐ உருவாக்கியது. கையிருப்பில் இருந்த போர்க்காலத் துப்பாக்கிகளையும் மாற்றினார்கள். அவற்றுக்குப் பெயர் எம்.ஜி. 2. அதாவது, முன்பு நேச நாட்டு வீரர்களைக் குறிபார்த்த அதே இரும்பு, இப்போது அவர்கள் பக்கம்!

1968-ல் வந்த எம்.ஜி. 3-தான் உலகம் சுற்றியது. பாகிஸ்தான் உரிமம் பெற்று சொந்தமாகவே தயாரித்தது. இப்போது ஜெர்மனியில் அதன் இடத்துக்கு எம்.ஜி. 5 வந்துவிட்டது. ஆனாலும் கதை முடியவில்லை. 2022-ல் ரஷ்யா படையெடுத்தபோது, ஜெர்மனி உக்ரைனுக்கு அனுப்பிய ஆயுதப் பட்டியலில் 100 எம்.ஜி. 3 துப்பாக்கிகளும் இருந்தன. எண்பது ஆண்டுகளுக்கு முன் எம்.ஜி. 42 சீறிய அதே மண்ணுக்கு!