கொடைக்கானலில் வெட்டப்படும் வாட்டில் மரம்... விறகாக மட்டும்தான் போக வேண்டுமா?

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் பக்கம் போகிறவர்களில், வழியில் காரை நிறுத்தி 'என்ன ஒரு காடு!' என்று போட்டோ எடுக்காதவர்கள் குறைவு. உண்மையில், அந்தப் பச்சையில் பெரும்பகுதி காடே அல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் என்கிற சீகை மரம், யூகலிப்டஸ், கூடவே பைன். இவை நிற்கும் இடத்தில் ஒருகாலத்தில் இருந்தது புல்வெளி.

பழனி மலைத்தொடரின் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியானது. நாற்பது ஆண்டுகளில் இந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. தோட்ட மரங்களும் விவசாயமும்தான் காரணம் என்றது அது. 'புல்தானே' என்று விட்டுவிட முடியாது. சோலையும் புல்லும் சேர்ந்துதான் மழைநீரைப் பிடித்துவைத்து மெதுவாக ஓடைகளுக்கு விடுகின்றன. பழனி அடிவாரத்தில் பக்தர்கள் குளிக்கிற சண்முகநதிக்கும் மேலே இருக்கும் மலைதான் ஆதாரம்.

அதனால் அந்நிய மரங்களை அகற்ற வேண்டும் என்பதில் இப்போது பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 2022-ல் தமிழக அரசு இதற்கென்றே ஒரு கொள்கையும் வெளியிட்டது. வெட்டிய மரத்தை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. விறகு அல்லது காகிதக் கூழ். முதுமலைப் பக்கம் வெட்டும் மஞ்சக்கொன்றை கரூர் காகித ஆலைக்குத்தான் போகிறது. மலையிலிருந்து லாரியில் இறக்கும் செலவைப் பார்த்தால் இதில் பெரிய லாபம் கிடையாது.

மரத்துக்குள் சர்க்கரை

ஆனால் அதே கட்டைக்குள் விலை உயர்ந்த சரக்கு இருக்கிறது. மரத்தில் ஏறத்தாழ கால் பங்கு, ஒருவகைச் சர்க்கரைகள் கோத்த சங்கிலி. அமிலத்தில் வேகவைத்தால் அது உடைந்து பர்ஃபுரால் என்ற திரவமாகும். அமெரிக்காவில் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் 1920-களிலேயே, மலைபோலக் குவிந்த ஓட்ஸ் உமியிலிருந்து இதைத் தயாரித்து விற்றது.

பர்ஃபுராலோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் பர்ஃபுரைல் ஆல்கஹால். வார்ப்பாலைகளில் மணல் அச்சு உதிராமல் பிடித்துக்கொள்ளும் பிசினுக்கு இதுதான் மூலப்பொருள். பம்ப்செட்டுக்குப் பேர்போன கோவையில் வார்ப்பாலைக்குப் பஞ்சமா என்ன?

ஆனால் ஹைட்ரஜன் லேசில் சேராது. சேர்த்துவைக்க ஒரு தரகர் வேண்டும். அதுதான் வினையூக்கி: செம்பு, நிக்கல், பல்லேடியம் போன்ற உலோகம். வேலையை முடித்துவைத்துவிட்டு, தான் செலவாகாமல் ஒதுங்கிக்கொள்ளும். நமக்கு இது புதிதும் அல்ல. தாத்தா பாட்டி காலத்து டால்டா, தாவர எண்ணெயோடு நிக்கல் துணையால் ஹைட்ரஜனைச் சேர்த்து உறைய வைத்ததுதான்.

உலோகத்தின் மேற்பரப்பில் இருக்கும் அணுக்கள் மட்டுமே வேலை செய்யும். உள்ளே இருப்பவை தண்டம். கற்கண்டைவிடப் பொடித்த சர்க்கரை சீக்கிரம் கரைகிறதே, அதுபோல உலோகத்தையும் பொடியிலும் பொடியாக்க வேண்டும். ஆனால் சூட்டில் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதைத் தடுக்கத்தான் நுண்துளைகள் நிறைந்த கரி. நன்றாகத் தயாரித்த ஒரு கிராம் கிளர்வூட்டிய கரிக்குள் இருக்கும் பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர். நம் கணக்கில் கிட்டத்தட்ட 25 சென்ட் நிலம்! துளைக்கொரு துகளாக உலோகத்தை உட்காரவைத்தால், கொஞ்சம் உலோகமே நிறைய வேலை பார்க்கும்.

இந்தக் கரிக்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. காங்கேயம் வட்டாரத்தில் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தே தயாராகிறது. வாட்டில் கட்டையைக்கூடக் கரியாக்கலாம்.

பாதரசம் பார்த்த ஊர்

சிக்கல்களும் உண்டு. பர்ஃபுரைல் ஆல்கஹால் ஆலைகளில் காலம்காலமாகப் பயன்படுவது செம்போடு குரோமியம் கலந்த வினையூக்கி. குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்யும் என்று ராணிப்பேட்டைக்காரர்களைக் கேட்டால் தெரியும். கொடைக்கானலும் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவைப் பார்த்த ஊர். 'உலோகம்' என்றாலே இங்கே பயம் வருவதில் நியாயம் இருக்கிறது. குரோமியம் இல்லாமல், கரியிலோ சிலிக்காவிலோ செம்பை மட்டும் ஏற்றி வேலையை முடிக்க முடியுமா என்ற தேடல் உலகம் முழுக்க நடப்பதும் இதனால்தான். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்திலிருந்தும் பர்ஃபுரால் வினையூக்கிகள் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. வினையூக்கிகளுக்கென்றே சென்னை ஐ.ஐ.டி-யில் ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

ஆய்வகத்தில் சுத்தமான பர்ஃபுராலை வைத்துச் சோதிப்பது ஒன்று. மரத்திலிருந்து வரும் அசல் சரக்கு வேறு. அதில் தார் இருக்கும். கரியின் துளைகளை அடைத்துவிடும். அமிலம் இருக்கும், உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கழுவிக்கொண்டு போகும். ஒருமுறை நன்றாக வேலை செய்வதைவிட, நூறாவது முறையும் செய்வதுதான் பெரிய பரீட்சை.

இதைவிடப் பெரிய கவலை வேதியியலுக்கு வெளியே இருக்கிறது. வாட்டில் இந்த மலைக்கு வந்ததே தோல் பதனிடப் பட்டையும், ஆலைக்குக் கூழும், அடுப்புக்கு விறகும் வேண்டும் என்றுதான். நாளை அதற்கு நல்ல விலை கிடைத்தால், 'எதற்கு வெட்டி ஒழிக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் நடலாமே' என்று யாராவது கிளம்ப மாட்டார்களா?

அப்படி நடக்காமல் இருக்க, ஆலை மலைமேல் வரக் கூடாது. வாட்டிலை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. சீனாவில் பர்ஃபுரால் தயாரிக்க முக்கியமான மூலப்பொருள், மணி உதிர்த்தபின் மிஞ்சும் மக்காச்சோளக் கட்டை. பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் மக்காச்சோளம் விளைகிறது. கீழே சமவெளியில் அதை வைத்து ஓடும் ஆலைக்கு, மேலிருந்து வரும் வாட்டில் கூடுதல் வரவாக இருக்கலாம். அந்த வரவு ஒரே வருடத்தில் நின்றுவிடாது. வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்திலேயே மழைக்குப் பின் மறுபடி முளைக்கும் கன்றுகளை, வருடா வருடம் யாராவது போய்ப் பிடுங்கியாக வேண்டும். அந்தக் கூலிக்கான பணம் இந்தக் கட்டையிலிருந்தே வந்தால் நல்லதுதானே!