தோள்மூட்டைத் தலைகீழாக மாற்றுவது ஏன்?

புதுச்சேரி வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரைப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆளுநரே வடம் பிடித்து இழுப்பார்; இன்று துணைநிலை ஆளுநர். செயற்கைத் தோள்மூட்டு பொருத்திக்கொண்டவர் அந்த வடத்தை இழுக்கலாமா? தொட்டுக் கும்பிடலாம், உடம்பைச் சாய்த்து இழுக்கக் கூடாது.

காரணம் தோளின் அமைப்பில் இருக்கிறது. இடுப்பு மூட்டில் பந்து போன்ற எலும்புமுனை ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளிலோ குழி வெறும் தட்டு. பந்து நழுவாமல் காப்பவை சுற்றியுள்ள நான்கு தசைநாண்கள். அவை கிழிந்து நைந்துபோனால், வழக்கமான செயற்கை மூட்டு வைத்தாலும் கை சரியாக மேலெழாது. 1985இல் பிரான்சின் அறுவை மருத்துவர் பால் கிராமோன் துணிந்து இடத்தை மாற்றினார்: பந்தைத் தோள்பட்டை எலும்பிலும், குழியை மேற்கை எலும்பிலும் வைத்தார். சுழலும் மையம் உள்ளே நகர்ந்ததால், வெளியே இருக்கும் டெல்டாய்டு தசை ஒன்றே கையைத் தூக்கிவிடுகிறது. அழகான ஏமாற்று!

அதற்கு விலையும் உண்டு. மூட்டு பிசகலாம், நரம்பு பாதிக்கப்படலாம், கூடுதல் இழுவையால் தோள்முனை எலும்பில் விரிசல் விழலாம். எனக்கு அதிகம் அச்சம் தருவது தொற்றுதான். 1893இல் பாரிஸில் பெயான் என்ற அறுவை மருத்துவர் பொருத்திய முதல் செயற்கைத் தோளையே, தொற்றால் இரண்டே ஆண்டுகளில் அகற்ற வேண்டியதாயிற்று. தோளில் தொல்லை தரும் க்யூட்டிபாக்டீரியம் கிருமி, தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள் ஒளிந்திருப்பது. மேலே மருந்து தடவினால் முழுதும் சாகாது. காய்ச்சல், சீழ் இல்லாமல் வலியும் இறுக்கமும் மட்டும் காட்டும். ஆய்வகத்தில் அது வளர்ந்து தெரியவே இரண்டு வாரம்கூட ஆகலாம்.

இத்தனைக்கும் பெரும்பாலோர் திருப்தியாகவே இருக்கிறார்கள், இரவில் வலியின்றித் தூங்க முடிவதால். குறைப்படுபவர்கள் பலருக்கும் கை முதுகுப்பக்கம் எட்டுவதில்லை. கால் கழுவுவது, ரவிக்கைக் கொக்கி மாட்டுவது எப்படி என்பதை அறுவைக்கு முன்பே, கூச்சப்படாமல், மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.