கசவின் விலையில் நெசவாளர் பங்கு

பொன்சரிகைக் கரையிட்ட கசவு வேட்டி வாங்கும்போது, நெய்தவர் கைக்கு எவ்வளவு போகும் என்று யோசித்ததுண்டா? உழைத்தவருக்கு உரிய விலை, அதுதான் நியாய வணிகம். கசவு நெய்யும் ஊர்களில் ஒன்று, கேரளத்தில் பூவாருக்குப் பக்கத்திலுள்ள பாலராமபுரம். திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த நெசவாளர்கள் வேரூன்றிய ஊர். அங்கே பாவு நூலைத் தெருநீளத்துக்கு விரித்து, கஞ்சி போட்டு, இழை இழையாக நீவி உலர்த்துவார்கள்; அதன் பிறகுதான் தறி. இத்தனை கைவேலை விசைத்தறித் துணியின் விலைக்குக் கட்டுப்படியாகுமா? 'விலை கூடுதலாச்சே' என்பீர்கள். உண்மைதான். ஆனால் விலையை அடித்துக் குறைத்தால், அடி விழுவது கூலியில். இன்னொன்று, கைத்தறி முத்திரை கையால் நெய்ததற்குத்தான் சான்று. நல்ல கூலிக்கு அல்ல. ஆகவே முத்திரையைப் பாருங்கள், கூடவே நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ, அச்சங்கங்களின் தலைமை அமைப்பான ஹான்டெக்ஸ் கடையிலோ வாங்குங்கள்.