கரி பிடித்த நஞ்சு எங்கே போகிறது?

எளாவூர் என்றதும் லாரிக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சோதனைச்சாவடி. என்ன சரக்கு, எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? இந்த மூன்று கேள்விகளையும், தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் கரியிடமும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. இது அடுப்புக்கரி அல்ல, கிளர்வூட்டிய கரி. கொட்டாங்கச்சியைக் காற்றுப் புகாமல் சுட்டு, பிறகு சுமார் 900 டிகிரி செல்சியஸில் நீராவி பாய்ச்சினால் உள்ளெல்லாம் நுண்துளையாகிவிடும். ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு மடிந்து கிடக்கும். நம் கணக்கில் 25 சென்ட் நிலம். ஃபீனால், பென்சீன், சாயம், பூச்சிக்கொல்லி என்று தண்ணீரோடு அவ்வளவாக ஒட்டுறவில்லாத கரிம மூலக்கூறுகள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். உப்பும் நைட்ரேட்டும் தண்ணீரை விட்டு வருவதில்லை. (கரி வடிகட்டி மாட்டியும் தண்ணீர் உப்புக் கரிக்கிறதே என்று மெக்கானிக்கோடு சண்டை போடுவது வீண்.)

ஒட்டிக்கொள்ளும் என்றுதான் சொன்னேன், அழியும் என்று சொல்லவில்லை. 25 சென்ட்டும் நிரம்பியதும் அடுத்து வரும் நஞ்சு அப்படியே நழுவிப் போகும். அதைவிட மோசம், வலுவாக ஒட்டும் மூலக்கூறு ஒன்று வந்தால் முன்பு ஒட்டியிருந்தது கழன்றுவிடும். உள்ளே வரும் நீரில் இருப்பதைவிட வெளியேறும் நீரில் அதன் அடர்வு கூடிவிடவும் வாய்ப்புண்டு. கண்ணும் மூக்கும் இதைக் கண்டுபிடிக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே கரித்தொட்டி இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது பாதி ஆய்வுதான். மாதம் எத்தனை கிலோ புதுக்கரி வந்தது, எத்தனை கிலோ பழங்கரி போனது என்ற பதிவேடுதான் மீதியைச் சொல்லும். புதுக்கரியே வாங்காத ஆலையின் தொட்டியில் இருப்பது கறுப்பு மணல்.

ஆர்.ஓ. இருக்கும்போது கரி எதற்கு என்பார்கள். சவ்வு உப்பைத் தடுக்கும். சிறிய கரிம மூலக்கூறுகள் சில அதையும் தாண்டிவிடும். தடுக்கப்பட்டவையும் அழிவதில்லை, ஒதுக்கிவிடும் நீரில் செறிந்து நிற்கின்றன. நஞ்சைச் சிதைக்கவே முடியாதா என்றால், முடியும்: சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப்பின் குழு வெள்ளி நுண்துகள்களால் சில பூச்சிக்கொல்லிகளைச் சிதைத்துக் காட்டியது, 2007இல் அது வீட்டு வடிகட்டியாகவும் சந்தைக்கு வந்தது. ஆனால் பல ஆலைகளின் கலவைக் கழிவுக்கு அது மருந்தாகாது. செலவு என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். ஆலை வாசலில் தவிர்த்த செலவு காணாமல் போவதில்லை, ஆயிரம் சமையலறைகளில் கார்ட்ரிட்ஜ் விலையாகப் பிரிந்துவிடுகிறது. அந்த கார்ட்ரிட்ஜ்கள் குப்பைத்தொட்டியில் விழும்போது கணக்கும் அறுந்துபோகிறது.

ஆலையின் பழங்கரிக்காவது சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தீங்கான கழிவு விதிகளில் பழங்கரியும் பட்டியலில் உண்டு. அதை மறுபடி சுட்டுப் புதுப்பிக்கலாம், உலையில் எரிக்கலாம், புதைக்கலாம். புதைப்பதற்கான பொது வளாகம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே இருக்கிறது. வேறு ஊர்களின் தண்ணீரைக் காத்த கரியும் லாரியேறி, எளாவூருக்குப் பக்கத்தில்தான் வந்து இறங்கக்கூடும்.