நெகிழி முலாம் பூச்சுக்கான வேதியரிப்பு

நெகிழி முலாம் பூச்சுக்கான வேதியரிப்பு என்பது, நெகிழிப் (பிளாஸ்டிக்) பொருள்களின் மேல் உலோகப் படலம் உறுதியாகப் பற்றிக்கொள்ளும் வகையில், அவற்றின் மேற்பரப்பை வேதிக் கரைசலால் நுண்குழிகள் உடையதாக மாற்றும் செயல்முறை ஆகும். தானுந்துகளில் உள்ள சின்னங்கள், குளியலறைக் குழாய்களின் கைப்பிடிகள் முதலிய பளபளக்கும் பொருள்களில் பல, உண்மையில் முலாமிடப்பட்ட நெகிழிகளே. 1960களின் தொடக்கத்தில் இத்தொழில் வணிக அளவில் பரவியது முதல், குரோமிக் அமிலக் கரைசலே அரிப்புக்குப் பெரும்பாலும் பயன்பட்டு வந்தது. அக்கரைசலில் உள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது என்பதால், அதற்கு மாற்றான முறைகள் உருவாக்கப்பட்டன.

அரிப்பு ஏன் தேவைப்படுகிறது

நெகிழி மின்சாரத்தைக் கடத்தாது. வழவழப்பான அதன் பரப்பில் உலோகம் ஒட்டவும் செய்யாது. முலாம் பூச்சுக்கு மிகுதியாகப் பயன்படும் நெகிழி, அக்ரைலோநைட்ரைல், பியூட்டாடையீன், இசுடைரீன் ஆகிய மூன்றினாலும் ஆன ஏபிஎஸ் ஆகும். இதில் பியூட்டாடையீன் இரப்பர், கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்களாகப் பரவியிருக்கிறது. அரிக்கும் கரைசல் இத்துகள்களை ஆக்சிசனேற்றம் செய்து நீக்கிவிடும்; அவை இருந்த இடங்கள் குழிகளாகும். பின்னர்ப் படியும் உலோகம் இக்குழிகளுக்குள் புகுந்து, ஆணி அடித்தது போல் பிடித்துக்கொள்கிறது. அரிப்பு குறைந்தால் படலம் உரிந்துவிடும்; மிகுந்தால் நெகிழியின் மேற்பரப்பே வலுவிழக்கும்.

அரிப்புக்குப் பின், பரப்பில் பல்லேடியம் வினையூக்கி படிய வைக்கப்படுகிறது. அதன்மேல் மின்சாரம் இன்றியே மெல்லிய நிக்கல் அல்லது செப்புப் படலம் உருவாக்கப்படுகிறது. இதன் பிறகே வழக்கமான மின்முலாம் பூச முடியும்.

குரோமிக் அமில முறை

ஓர் இலிட்டர் கரைசலில் ஏறத்தாழ 400 கிராம் குரோமியம் மூவாக்சைடும் அதற்கு நிகரான அளவு கந்தக அமிலமும் இருக்கும். பொருள்கள் 60 முதல் 70 பாகை செல்சியசு வெப்பநிலையில் சில நிமிடங்கள் இதில் மூழ்கியிருக்கும். கரைசல் நீண்ட நாள் உழைக்கும். வலுவிழந்தாலும் மின்னாற்பகுப்பு மூலம் மீட்டெடுக்கலாம். இம்முறை அரை நூற்றாண்டு நிலைத்தமைக்கு இதுவே முதன்மைக் காரணம்.

இதன் தீங்கு அறு இணைதிறன் கொண்ட குரோமியத்தில் உள்ளது. சூடான தொட்டியிலிருந்து எழும் நுண்துளிகளை மூச்சுடன் இழுக்கும் தொழிலாளருக்கு நுரையீரல் புற்றுநோய், மூக்கின் நடுச்சுவரில் துளை, தோற்புண் ஆகியவை ஏற்படக்கூடும். முலாமிட்ட பொருளில் இருப்பதோ உலோக நிலைக் குரோமியம். அதைப் பயன்படுத்துபவருக்கு இத்தீங்கு இல்லை. ஆகவே இது முதன்மையாகப் பட்டறையில் நிற்பவரின் சிக்கலும், கழிவுநீர் சென்று சேரும் நிலத்தின் சிக்கலும் ஆகும். அறு இணைதிறன் குரோமியம் நீரில் எளிதில் கரைந்து நிலத்தடி நீருக்குச் செல்லக்கூடியது. தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலை ஒன்றின் கழிவுக்குவியல் இதற்குச் சான்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2006 ஆம் ஆண்டு, பணியிடக் காற்றில் இதன் அளவு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என வரையறுக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21 முதல் தனி ஒப்புதல் இன்றிக் குரோமியம் மூவாக்சைடைப் பயன்படுத்த இயலாது. நுண்துளிகள் எழாமல் தடுக்கத் தொட்டியில் சேர்க்கப்பட்ட பிஎப்ஓஎஸ் எனும் புளோரின் சேர்மமும், எளிதில் சிதையாத மாசுப்பொருள் என 2009 இல் இசுடாக்கோம் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது. ஒரு தீங்கை மறைக்க வந்தது மற்றொரு தீங்காயிற்று.

மாற்று முறைகள்

மாற்றுகளுள் முன்னிற்பவை மாங்கனீசுச் சேர்மங்கள். மின்சுற்றுப் பலகைகளின் துளைகளைத் தூய்மையாக்கக் காரப் பெர்மாங்கனேட்டு முன்பே பயன்பட்டு வந்ததால், இது முற்றிலும் புதிய வேதியியல் அன்று. ஏபிஎஸ் நெகிழியை முதலில் கரிமக் கரைப்பானில் சற்று ஊதச் செய்து, பின்னர் அமிலம் கலந்த பெர்மாங்கனேட்டுக் கரைசலில் அரிக்கின்றனர். பெர்மாங்கனேட்டு தானாகவே சிதைந்து மாங்கனீசு ஈராக்சைடு கசடாகப் படிவது இதன் பெருங்குறை. பொருளின் மீது ஒட்டிய கசடை ஒடுக்கிக் கரைசலால் நீக்காவிட்டால் முலாம் பழுதாகும்.

மற்றொரு முறையில், செறிந்த கந்தக அமிலத்தில் மின்னாற்பகுப்பு மூலம் மூவிணைதிறன் மாங்கனீசு தொடர்ந்து உருவாக்கப்படுகிறது. நீர்த்த அமிலத்தில் இது நிலைக்காது; எனவே அமிலத்தின் செறிவைக் குறைக்க இயலாது.

ஓசோன் கரைந்த நீர், பியூட்டாடையீனின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்குகிறது. இங்குக் குழிகள் குறைவு. பரப்பில் உருவாகும் ஆக்சிசன் தொகுதிகளே பிடிப்பைத் தருகின்றன. ஐதரசன் பெராக்சைடும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவை குரோமியம் அற்றது எனினும், கரிமப் பொருள்களுடன் வெடிக்கும் அளவுக்கு வினைபுரியக்கூடும். குரோமியம் இல்லை என்பதனால் மட்டுமே ஒரு கரைசல் தீங்கற்றது ஆகிவிடாது.

நடைமுறைச் சிக்கல்கள்

பொருள்களை மாட்டும் சட்டங்கள் பிவிசி பூச்சு உடையவை. பழைய முறையில் அப்பூச்சில் தங்கும் குரோமியம், வினையூக்கியைச் செயலிழக்கச் செய்து சட்டத்தின் மீது உலோகம் படியாமல் காத்தது. குரோமியத்தை நீக்கியதும் இக்காப்பும் நீங்கியது. சட்டங்களும் முலாம் பெற்று, உலோகமும் வினையூக்கியும் வீணாயின. ஆகவே சட்டங்களுக்கெனத் தனித் தடுப்புக் கரைசல் தேவைப்படுகிறது. பாலிகார்பனேட்டு கலந்த ஏபிஎஸ், இரப்பர் குறைவாக இருப்பதால், அரிப்பதற்குக் கடினமானது.

பிடிப்பின் வலிமை, படலத்தின் ஒரு பட்டையைச் செங்குத்தாக உரித்து அளவிடப்படுகிறது. ஏஎஸ்டிஎம் பி533 இதற்கான சோதனை முறை. சூடும் குளிரும் மாறி மாறித் தரும் சோதனையும் செய்யப்படுகிறது. நெகிழி உலோகத்தைவிட மிகுதியாக விரிந்து சுருங்குவதால், அரிப்பில் உள்ள குறைகள் இதில் கொப்புளங்களாக வெளிப்படுகின்றன.