வெங்காய விலை ஏறியது, ஆதாயம் எவருக்கு?

மளிகைக் கடைக்குச் சென்று விலைவாசியைக் குறைகூறாமல் திரும்பும் அங்கத்தினர் இன்று அரியர். அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டம், இலையூர்ப் பகுதிகளில் தறியில் அமரும் நெசவாளருக்குச் சேலைக்கு இவ்வளவு கூலி என்று முன்னரே பேசப்பட்டுவிடுகிறது. பருப்பும் எண்ணெயும் வெங்காயமும் அப்பேச்சுக்குக் கட்டுப்படுவதில்லை. ஆகவே, விளைவிப்பவர் இவ்வளவு விலை வைக்கலாமா என்று அவர் மனம் வெதும்புவது இயல்பே. அவ்வினாவை அண்டை மாவட்டமான பெரம்பலூரின் சின்ன வெங்காயத்தைக் கொண்டே ஆராய்வோம்.

2019 டிசம்பரில் சின்ன வெங்காயம் கிலோ 100 ரூபாயைக் கடந்தது. அம்மாதம் பெரம்பலூர் மாவட்டத்து விவசாயி ஒருவர் நடவுக்கென வைத்திருந்த சுமார் 350 கிலோ வெங்காயம் களவு போயிற்று. வெங்காயத்துக்கும் காவல் வேண்டுமோ என்று பலர் நகைத்தனர். நமக்கு நகைப்பு வரவில்லை. இப்பயிருக்குப் பெரும்பாலும் வெங்காயமே விதை. ஏக்கருக்கு 400 முதல் 600 கிலோ வரை வேண்டும். களவு போனது ஏறக்குறைய ஓர் ஏக்கரின் விதை. கிலோ 100 ரூபாயென்றால் விதைக்கு மட்டும் ஏக்கருக்கு 40,000 ரூபாய்க்குக் குறையாது. உழவு, உரம், களையெடுப்பு யாவும் அதற்கு மேல்.

விலை ஏறும்போது விவசாயியும் நம்மைப்போல் வாங்குபவரே என்பதைப் பலர் எண்ணுவதில்லை. நட்ட எழுபது நாள் அளவில் செட்டிகுளம் வட்டாரமெங்கும் அறுவடை ஒருசேர வருகிறது, விலை சரிகிறது. பட்டறை உள்ளவர், தரையினின்று உயர்த்திக் காற்றோட்டமாக அமைத்து, சில மாதங்கள் காத்திருக்கிறார். ஈரம் புகுந்தால் அழுகலும், புகாவிடினும் எடைக்குறைவும் உண்டு. பட்டறையும் கைப்பணமும் இல்லாதவர் களத்திலேயே விற்றுவிட்டு, அடுத்த நடவுக்கு அதே சரக்கைப் பன்மடங்கு விலைக்கு வாங்குகிறார்.

அரசின் கை நீண்டதும் எப்போதும் உதவவில்லை. 2019 செப்டம்பர் 29 அன்று வெங்காய ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பெரிய வெங்காயத்தின் விலையைக் கருதிப் பிறந்த அவ்வாணை, இலங்கைக்கும் மலேசியாவுக்கும் செல்லும் சின்ன வெங்காயத்தையும் பிணித்தது. 2020இலும் 2023 டிசம்பரிலும் மீண்டும் தடை வந்தது, பின்னர் நீங்கியது.

இங்கிலாந்தின் ராச்டேலில் 1844இல் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கக் கடை திறந்தனர். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904இல் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதும் நுகர்வோர் நலன் கருதியே. அவர்களுக்கு விளைவிப்பவர் தொலைவிலிருந்தார். நமக்கோ, 2007இல் பிரியும்வரை ஒரே மாவட்டமாயிருந்தவர்கள்! நெசவாளர் பண்டகசாலை அறுவடை நாளிலேயே விலை பேசி, முன்பணம் தந்து, விவசாயிகள் சங்கத்தின் பட்டறையில் சரக்கை வைத்திருக்கலாமன்றோ? அதில் ஒரு பகுதியை விதைக்கென ஒதுக்கலாம்.

சிக்கல் ஒன்றுண்டு. பட்டறையில் குறையும் எடைக்கும் அழுகலுக்கும் பொறுப்பு எந்தச் சங்கத்தினது? இத்தகைய ஏற்பாடுகள் வழக்கில் முடிவது பெரும்பாலும் அங்கேதான். அடுத்த அறுவடைக்கு முன்னரே இரு தரப்பு நிர்வாகிகளும் அமர்ந்து அதனை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.